குஞ்சுகளை வெளிக்கூட்டுக்கு எப்போது மாற்றலாம்? மாரி தொடங்கப் போகிறது

உப்புவெளி_வளவு கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 15 பிறவுண் லேயர், அதாவது முட்டைக்கு வளர்க்கிற கோழி இனத்துக் குஞ்சுகள் இருக்கின்றன. ஒருநாள் குஞ்சுகளாக வாங்கியவை, இப்போது நாலு கிழமை முடிந்து ஐந்தாவது ஓடுகிறது. பின் விறாந்தையில் இரண்டு பெரிய காட்போட் பெட்டிகளை வெட்டிச் சேர்த்து, உமி பரப்பி, 60 வாற்ஸ் பல்ப் ஒன்றைத் தொங்கவிட்டு வளர்க்கிறேன். இதுவரைக்கும் எல்லாம் நல்ல துடிப்பாகத்தான் இருக்கின்றன. ஆனால் பெட்டி இனிப் போதாது. இரண்டு மூன்று பறந்து விளிம்பில் ஏறி நிற்கின்றன, தண்ணீர்ப் பேணிக்குள் உமியைக் கிளறித் தள்ளுகின்றன, தூசி குசினி வரைக்கும் வருகிறது. அம்மாவுக்கு முட்டு வருத்தம் இருப்பதால் அந்தத் தூசி வீட்டுக்குள் இருப்பது எனக்குப் பெரிய யோசனையாக இருக்கிறது.

தம்பி வளவில் கூடு ஒன்று அடித்துத் தந்திருக்கிறான். ஆறடிக்கு நாலடி, மேலே தகரம், கீழே அரைவாசிக்குப் பலகை, மேல் அரைவாசிக்குக் கோழி வலை. தரை எங்கள் திருகோணமலைப் பக்கத்து வெறும் மணல்தான்.

பிரச்சினை என்னவென்றால், ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். வாசித்த இடங்களில் ஆறு கிழமைக்கு முன்னர் வெளியே விடவே கூடாது என்று இருக்கிறது. பக்கத்து வீட்டு அன்ரி, "இந்த வெக்கைக்கு என்னத்துக்குப் பிள்ளை பல்ப், ஊர்க்கோழிக் குஞ்சு பொரித்த மறுநாளே வளவெல்லாம் திரியுதே" என்கிறார். அதுவும் கண்ணுக்கு முன்னால் நடக்கிற விடயம்தான், மறுக்க முடியவில்லை. ஆனால் ஐப்பசி பிறந்துவிட்டது, இரண்டு நாளாகப் பின்னேரத்தில் இடிமுழக்கம் கேட்கிறது. இப்போதே மாற்றினால் மழைக்குத் தாங்குமா? அல்லது மழை வரமுதல் மாற்றிப் பழக்குவதுதான் நல்லதா? வளவில் ஏற்கெனவே நாலு ஊர்க்கோழியும் ஒரு சேவலும் நிற்கின்றன, அவற்றோடு எப்போது சேர்க்கலாம் என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


சாம்பல்தீவு_காற்று எழுதியது:

ஐந்தாவது கிழமை என்றால் என் கணக்கில் போதும் அக்கா. நாங்கள் வருசக்கணக்காக லேயர் வளர்க்கிறோம், சித்திரை, வைகாசியில் எடுத்தால் மூன்று கிழமையோடேயே பல்ப்பை நிற்பாட்டிவிடுவோம், அந்த நேரத்தில் இரவிலேயே எங்களுக்குப் போர்வை தேவைப்படாது. இப்போது மாரி என்பதால் இன்னும் ஒரு கிழமை பொறுத்தால் நல்லது, அவ்வளவுதான். கூடு நனையாமல் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. வெளிநாட்டுக்காரர் ஆறு கிழமை, எட்டுக் கிழமை என்று எழுதுவது அவர்களுடைய குளிருக்கு.


கன்னியா_கோழிக்கூடு எழுதியது:

மேலே சாம்பல்தீவுக்காரர் சொன்னதில் பாதிக்கு நானும் ஒத்துக்கொள்கிறேன், மற்றப் பாதியைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் கிழமைக் கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டு முடிவெடுக்கிற இடத்தில்தான் குஞ்சுகள் சாகின்றன.

முதலில் சூட்டுக் கணக்கைப் பாருங்கள். முதல் கிழமையில் குஞ்சுக்கு 35 பாகை செல்சியஸ் அளவு வேண்டும். பிறகு கிழமைக்கு ஏறத்தாழ 3 பாகை குறைத்துக்கொண்டே போகலாம். அப்படியென்றால் இரண்டாம் கிழமை 32, மூன்றாவது 29, நாலாவது 26, ஐந்தாவது 23. திருகோணமலையில் மாரியில்கூட இரவு 23, 24 பாகைக்குக் கீழே அவ்வளவாக இறங்குவதில்லை. ஆகவே ஐந்தாவது கிழமை முடிகிற குஞ்சுக்குக் காற்றுச் சூடு மட்டுமே கணக்கு என்றால் பல்ப் தேவையே இல்லை. அன்ரி சொல்வதும் அந்த அளவுக்குச் சரிதான். குளிர் நாடுகளில் இரவு 10 பாகைக்குப் போகும், அதனால் அவர்கள் முழு இறகும் வரும்வரை காத்திருக்கிறார்கள்.

ஆனால் அந்தக் கணக்கெல்லாம் காய்ந்த குஞ்சுக்கும் காற்றுப் படாத இடத்துக்கும்தான் பொருந்தும். நனைந்த குஞ்சுக்கு 26 பாகையும் குளிர்தான். பொரித்தபோது இருக்கும் பஞ்சு மயிர் தண்ணீரை உறிஞ்சும், இறகு தண்ணீரை வழுக்கி விழவைக்கும், அதுதான் வித்தியாசம். வாடைக்காற்றோடு தூவானம் அடித்து நெஞ்சும் வயிறும் நனைந்தால் ஐந்து கிழமைக் குஞ்சும் விடியமுன்னர் விறைத்துவிடும்.

அதனால் நாள்காட்டியை ஒரு பக்கம் வைத்துவிட்டு குஞ்சைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒன்றை இரண்டையல்ல, எல்லாவற்றையும், முக்கியமாகக் கூட்டத்திலேயே சின்னதாக நிற்பதை. செட்டை இறகுதான் முதலில் வரும், அதைப் பார்த்து ஏமாறவேண்டாம், இரண்டு கிழமையிலேயே அது வந்துவிடும். முதுகை விரலால் தடவிப் பாருங்கள், வால் அடிவரைக்கும் இறகு ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கவேண்டும். பிறகு குஞ்சைத் திருப்பி நெஞ்சில் மெதுவாக ஊதுங்கள். மயிர் பிரிந்து வெறும் தோல் பளிச்சென்று தெரிந்தால் இன்னும் இல்லை என்று அர்த்தம். ஊதும்போது குருத்து இறகுகள் நெருக்கமாக நின்று, நுனியில் மட்டும் பழைய பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் சில நாள்தான். செட்டைக்குக் கீழேயும் வயிற்றிலும் கடைசியாகத்தான் மூடும், கழுத்தும் தலையும்கூடக் கொஞ்சம் பிந்தும். தலையில் பஞ்சு மிச்சம் இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். நெஞ்சும் வயிறும் முதுகும் மூடியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. உங்கள் பிறவுண் குஞ்சுகளுக்கு ஐந்து கிழமை முடியும்போது பெரும்பாலும் அந்த நிலை வரும், சிலதுக்கு ஆறு ஆகும்.

அடுத்தது, பல்ப்பை எப்படி நிற்பாட்டுவது. ஒரே நாளில் பல்ப்பையும் எடுத்து இடத்தையும் மாற்றவேண்டாம். இப்போதே பகலில் பல்ப்பை அணைத்துவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் இரவிலும் அணையுங்கள், ஆனால் இடம் அதே விறாந்தைதான். அணைத்து ஒரு மணித்தியாலம் கழித்து ரோச் லைற்றோடு போய்ச் சத்தம் போடாமல் பாருங்கள். பக்கம் பக்கமாகத் தட்டையாகப் படுத்து நித்திரை கொண்டால் சரி. ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, இடைவிடாமல் உரத்துக் கீச்சிட்டால் அவற்றுக்குச் சூடு காணாது, பல்ப்பைப் போட்டு இன்னும் சில நாள் கொடுங்கள். இப்படி ஏறிப் படுப்பது குளிரைவிட ஆபத்து, அடியில் அகப்பட்டது மூச்சுமுட்டிச் சாகும். கூட்டின் நாலு மூலைக்கும் காட்போட் துண்டை வளைத்து வைத்து வட்டமாக்கிவிட்டால் அப்படிக் குவிய முடியாது. தொடர்ந்து மூன்று நாலு இரவு பல்ப் இல்லாமல் வடிவாகப் படுத்தால்தான் கூட்டுக்கு மாற்றுங்கள். மாரியில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்லமுடியாத ஊரில் பல்ப்பை நம்பி வெளிக்கூட்டில் குஞ்சு வைத்திருப்பதும் புத்தியில்லை. கரண்ட் போனால் என்ன செய்வது என்று கேட்டு அரிக்கன் லாம்பை உள்ளே தொங்கவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், உமியும் காட்போட்டும் இருக்கிற இடத்தில் தயவுசெய்து அதைச் செய்யவேண்டாம். சுடுதண்ணீர் நிரப்பிய போத்தலைத் துணியில் சுற்றி நடுவில் வைத்தால் ஒரு இரவுக்குச் சமாளிக்கலாம்.

ஊர்க்கோழிக் குஞ்சு மறுநாளே திரிகிறதே என்பதற்கும் பதில் இதற்குள்ளேதான் இருக்கிறது. அது நாள் முழுக்கத் திரிவதாகத்தான் எங்களுக்குத் தெரியும், நின்று பார்த்தால் அரை மணிக்கொருக்கால் தாயின் செட்டைக்குள் புகுந்து சூடு ஏற்றிக்கொண்டுதான் வெளியே வரும். மழை துமித்தால் தாய் உடனே குந்திவிடும். உங்கள் குஞ்சுகளுக்குத் தாய் அந்தப் பல்ப்தான். தாய்க்கோழியும் ஆறு, ஏழு கிழமையில்தான் குஞ்சுகளைக் கொத்திக் கலைக்கத் தொடங்கும், அதுவரைக்கும் இரவில் விடாது. இந்த மண்ணிலேயே வளர்ந்த கோழி வைத்திருக்கிற கணக்கு அது, நான் அதைத்தான் பெரிதாக எடுக்கிறேன்.

கூட்டைப் பற்றி ஒன்று. மாரியில் எங்களுக்குக் காற்றும் மழையும் வடகிழக்கிலிருந்து வரும். ஆகவே கூட்டின் வடக்கையும் கிழக்கையும் குஞ்சு நிற்கிற உயரத்துக்கு மேலேயும் அடைத்துவிடுங்கள், பலகையோ கிடுகோ தறப்பாளோ எதுவானாலும் சரி. தெற்கையும் மேற்கையும் வலையோடு விடுங்கள். நாலு பக்கமும் தறப்பாள் போட்டு மூடினால் உள்ளே ஈரமும் எச்சத்தின் காரமும் நின்று கண் எரியும், சளி பிடிக்கும். குஞ்சின் முதுகில் காற்று அடிக்கக்கூடாது, தலைக்கு மேலால் காற்றோட்டம் இருக்கவேண்டும். ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது இதை அப்படியே மாற்றவேண்டிவரும், அப்போது சூட்டால்தான் கஷ்டம், தகரத்துக்கு மேலே கிடுகு போடாவிட்டால் மத்தியானம் உள்ளே நிற்கவே முடியாது.

தகரத்தை ஆணி மட்டும் அடித்து விட்டிருந்தால் கம்பியால் கட்டி ஒரு கல்லும் ஏற்றுங்கள். 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கேதான் கரையேறியது, அந்தப் பருவம் இன்னும் வரவில்லை.


கிண்ணியா_நானா எழுதியது:

எல்லாரும் குஞ்சைப் பற்றியே கதைக்கிறீர்கள், நான் கூட்டைப் பற்றிக் கேட்கிறேன் தங்கச்சி. கோழி வலை என்று சொன்னீர்கள், அறுகோணக் கண் உள்ள சாதாரண வலைதானே? அது கோழி வெளியே போகாமல் இருப்பதற்குச் செய்தது. உள்ளே ஒன்று வராமல் இருப்பதற்கு அது காணாது. நாய் கடித்து இழுத்தால் கிழியும். எலியும் சின்னப் பாம்பும் அந்தக் கண்ணுக்குள்ளாலேயே வரும். கீரிக்கு ஒரு மூலையில் கொஞ்சம் கிளம்பியிருந்தாலே போதும், தலை நுழைந்தால் உடம்பும் நுழையும். ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகும் என்றுதான் ஆட்கள் நினைப்பார்கள், உள்ளே அகப்பட்டால் அது கண்ணில் பட்டதையெல்லாம் கடித்துப் போட்டுவிட்டுத்தான் போகும்.

கீழே இருந்து இரண்டடி உயரத்துக்கு அரை அங்குலக் கண் உள்ள, வெல்டு பண்ணின கம்பி வலை போடுங்கள். காசு கூடத்தான், ஆனால் முழுக் கூட்டுக்கும் தேவையில்லை. உங்களுடையது வெறும் மணல் என்றபடியால் தோண்டி வருவது மிகச் சுகம், அதனால் வலையை ஓரடி ஆழத்துக்கு மண்ணுக்குள் இறக்குங்கள், அல்லது வெளிப்பக்கமாக ஓரடி அகலத்துக்குத் தரையில் விரித்து அதன்மேல் கல்லை அடுக்குங்கள். தோண்டுகிற பிராணி சுவரோடு ஒட்டித்தான் தோண்டும், வலை தட்டுப்பட்டதும் விட்டுவிடும். கடற்கரைப் பக்கத்தில் உப்புக்காற்றுக்குக் கம்பி கெதியாகத் துருப்பிடிக்கும், வருசத்துக்கு ஒருதரமாவது கையால் இழுத்துப் பாருங்கள். நாதாங்கியும் சும்மா கொக்கியாக இருக்கக்கூடாது, இரவில் மரநாய் வந்து பிராண்டும்.

பகலுக்கு வேறு கள்ளர்கள். ஐந்து கிழமைக் குஞ்சைக் காகம் தூக்காது என்று நினைப்பீர்கள், ஒன்று தனியே ஒதுங்கி நின்றால் இரண்டு மூன்று காகம் சேர்ந்து கொத்தும். பருந்தும் வல்லூறும் சொல்லத் தேவையில்லை. செம்பகம் வேலிக்குள்ளால் நடந்து வந்து பிடிக்கும். இதற்கு எங்கள் பக்கம் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது, தெரிந்த மீன்பிடிகாரர் யாரிடமாவது கிழிந்த வலை கேட்டு வாங்கி, குஞ்சு திரிகிற அடைப்புக்கு மேலே இழுத்துக் கட்டுங்கள். தளர விடாமல் இறுக்கமாகக் கட்டவேண்டும், தரையோடு தொங்கவிட்டால் குஞ்சின் காலே சிக்கும், பாம்பும் சிக்கி நிற்கும், அதைப் பிறகு எடுப்பது பெரும்பாடு.

இந்த வேலைகள் முடியமுன்னர் குஞ்சுக்கு இறகு முளைத்துவிட்டதென்று அவசரப்பட்டு இறக்கவேண்டாம்.


உப்புவெளி_வளவு எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. கன்னியா அண்ணா சொன்னபடி இன்று காலையில் ஒவ்வொன்றாகத் தூக்கி ஊதிப் பார்த்தேன். முதுகு எல்லாவற்றுக்கும் மூடிவிட்டது. நெஞ்சு பெரும்பாலானவற்றுக்குப் படிந்திருக்கிறது, மூன்று குஞ்சுகளுக்குச் செட்டைக்குக் கீழே இன்னும் வெறும் தோல்தான், வயிற்றிலும் பஞ்சுதான். அவை மற்றவற்றைவிடச் சின்னவை. அந்த மூன்றை மட்டும் விறாந்தையில் வைத்துக்கொண்டு மற்றவற்றை முதலில் மாற்றலாமா?

நானா, வலை நீங்கள் சொன்ன அதே சாதாரண வலைதான். தம்பியிடம் சொல்லியிருக்கிறேன், சனிக்கிழமை ரவுணுக்குப் போய் அரை அங்குல வலை எடுத்து வருவான்.

இன்னொரு கேள்வி. ஊர்க்கோழி ஒன்று இப்போது அடைக்குக் கிடக்கிறது. இந்தக் குஞ்சுகளை அதனிடம் விட்டால் அது பார்த்துக்கொள்ளாதா?


தம்பலகாமம்_வயல் எழுதியது:

பிள்ளை, அடைக்கோழியிடம் இந்த வயதில் விடவேண்டாம். பொரித்து இரண்டு மூன்று நாளுக்குள் என்றால் இரவில் இருட்டோடு செட்டைக்குக் கீழே தள்ளிவிட்டால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். ஐந்து கிழமைக் குஞ்சு அதற்குக் குஞ்சல்ல, தீன் பறிக்க வந்த வேற்றுக்கோழி. உங்கள் குஞ்சுகளுக்கும் அது தாய் என்று தெரியாது. கொத்து வாங்கித்தான் மிச்சம்.

மூன்றைப் பிரிப்பதைப் பற்றி: பிரிக்காமல் இருப்பதுதான் என் விருப்பம். ஒரு கிழமை பிரிந்து நின்று திரும்பிப் போனாலே மற்றவை அவற்றைப் புதுக்கோழியாகக் கொத்தும், அதுவும் சின்னவை என்றால் இன்னும் மோசம். அந்த மூன்றுக்கும் எது தேவையோ அதற்கேற்ப எல்லாவற்றையும் காக்கவைக்கலாம். ஒரு கிழமைதானே.

இனி நான் சொல்ல வந்தது. குளிரைப் பற்றியும் கீரியைப் பற்றியும் கதைத்தாயிற்று, மண்ணைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இந்த வயதில், மழைக்காலத்தில், குஞ்சுகளை அதிகம் கொல்வது இரத்தக் கழிச்சல். மூன்று கிழமைக்கும் ஆறு கிழமைக்கும் இடையில்தான் அது கூடுதலாகப் பிடிக்கும். அதன் கிருமி முட்டை மாதிரி ஒரு ஓட்டுக்குள் எச்சத்தோடு வெளியே வரும், வந்த உடனே ஒன்றும் செய்யாது, ஈரமும் சூடும் கிடைத்தால் இரண்டு நாளுக்குள் தொற்றுகிற நிலைக்கு வரும். எங்கள் மாரியில் ஈரம், சூடு இரண்டுக்கும் குறைவில்லை. பெரிய கோழிகள் ஏற்கெனவே பட்டுத் தாங்கிக்கொண்டவை, அவற்றைப் பார்த்தால் நோய் தெரியாது, ஆனால் எச்சத்தில் வரும். உங்கள் நாலு ஊர்க்கோழியும் நின்று கிளறுகிற அதே இடத்தில், விறாந்தையை விட்டு வெளியே வராத குஞ்சை ஒரேயடியாக இறக்கினால் அது முதல் நாளிலேயே பெரிய அளவாக விழுங்கும்.

அதற்காக மண்ணே காட்டாமல் வைத்திருக்கவும் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டால்தான் உடம்பு எதிர்க்கப் பழகும். வெயில் இருக்கிற நாளில் காலையில் ஒரு மணித்தியாலம், பெரிய கோழிகள் திரியாத, காய்ந்த இடத்தில், கூடை ஒன்றைக் கவிழ்த்து விடுங்கள். நிழலும் தண்ணீரும் உள்ளே இருக்கவேண்டும். பிறகு நேரத்தைக் கூட்டலாம். இதை இப்போதே தொடங்கலாம், இரவுக் கூட்டுக்கு மாறுவதற்கு அந்த ஒரு கிழமையும் உதவும். மணல் தரை உங்களுக்கு நல்லது, தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும், எங்கள் வயல் பக்கத்துக் களியில் மூன்று நாள் சேறாகக் கிடக்கும். ஆனாலும் மணல் மேலே மூன்று நாலு அங்குலம் உமி போடுங்கள், தண்ணீர்ப் பேணியைச் சுற்றி நனைந்த உமியை ஒவ்வொரு நாளும் அள்ளி வெளியே போடுங்கள், பேணியை ஒரு கல்லுக்கு மேலே குஞ்சின் முதுகு உயரத்துக்கு ஏற்றி வைத்தால் அரைவாசி நனைவு குறையும். கையில் ஒரு பிடி உமி எடுத்துப் பிசைந்து பாருங்கள், உருண்டையாக நின்றால் ஈரம் கூட, உதிர்ந்தால் சரி.

குஞ்சு செட்டையைத் தொங்கப்போட்டு, இறகைச் சிலிர்த்துக்கொண்டு, தீன் எடுக்காமல் ஒரு பக்கமாக நின்றால் உடனே எச்சத்தைப் பாருங்கள். இரத்தம் தெரிந்தால் அடுத்த நாள்வரை பொறுக்கவேண்டாம், கால்நடை வைத்தியரிடம் போங்கள். அம்ப்ரோலியம் என்கிற மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுக்கச் சொல்வார்கள், ஆரம்பத்திலேயே கொடுத்தால் காப்பாற்றலாம். ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் கொடுக்கவேண்டும்.

தடுப்பு மருந்து போட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. ராணிக்கட் என்கிற வைரஸ் நோய்க்கு முதல் கிழமையில் ஒன்றும் மூன்று, நாலு கிழமையில் இன்னொன்றும், கம்போரோ என்கிற மற்ற வைரஸ் நோய்க்கு இரண்டு, மூன்று கிழமைக்குள்ளும் போடுவது வழக்கம். குஞ்சு எடுத்த இடத்தில் என்ன போட்டார்கள் என்று கேட்டு, உங்கள் பிரிவு அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் போய்க் காட்டுங்கள், மிச்சத்தை அவர்கள் சொல்வார்கள். ராணிக்கட் வந்தால் மருந்தில்லை, கூடு முழுக்கப் போகும். தண்ணீரில் கலக்கிற மருந்து தந்தால் குழாய்த் தண்ணீரில் கலக்காதீர்கள், குளோரின் மருந்தைக் கொன்றுவிடும், கிணற்றுத் தண்ணீர் எடுங்கள். மருந்தை ஐஸ் போட்ட போத்தலில் கொண்டுவரவேண்டும், கலக்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் குடித்து முடியவேண்டும்.

கோழி அம்மைக்கும் கேளுங்கள். மழையோடு நுளம்பு பெருகும், அம்மையை ஒரு கோழியிலிருந்து மற்றதற்குக் கொண்டுபோவது நுளம்புதான். ஆறு கிழமை அளவில் செட்டைத் தோலில் ஊசியால் குத்துவார்கள். ஒரு கிழமை, பத்து நாள் கழித்துக் குத்தின இடத்தைப் பார்த்தால் சின்னத் தடிப்பு இருக்கவேண்டும், இல்லாவிட்டால் மருந்து பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

பெரிய கோழிகளோடு சேர்ப்பது மூன்று மாதத்துக்குக் கிட்ட வைத்துக்கொள்ளுங்கள். உடம்பளவு ஓரளவு சமனாக வந்தால்தான் கொத்துக்கு ஓடித் தப்ப முடியும். அதற்கு முதல் ஒரு கிழமை, இரண்டு கிழமை வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒன்றையொன்று பார்க்க விடுங்கள். முட்டைக் கோழித் தீனைக் குஞ்சு தின்னவே கூடாது, அதில் கல்சியம் நாலு வீதத்துக்குக் கிட்ட இருக்கும், குஞ்சுக்கு ஒரு வீதம்தான் வேண்டும், மிச்சம் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். சேர்த்தபிறகு எல்லாவற்றுக்கும் வளரும் கோழித் தீனைப் போட்டு, முட்டை இடுகிறவைக்குச் சிப்பி ஓட்டை இடித்துத் தனிப் பேணியில் வையுங்கள். அதைக் குஞ்சு அவ்வளவாகத் தொடாது.


சாம்பல்தீவு_காற்று எழுதியது:

மூன்று குஞ்சுகளுக்கு நெஞ்சு மூடவில்லை என்றால் நான் சொன்ன கணக்கை விட்டுவிடுங்கள் அக்கா, தம்பலகாமம் ஐயா சொன்னதுதான் சரி. ஒன்றே ஒன்று மட்டும், தூசிக்கு: உமியை விறாந்தையில் மாற்றும்போது உதறாமல், லேசாகத் தண்ணீர் தெளித்து அள்ளுங்கள், அம்மாவை அந்த நேரம் முன்பக்கம் இருக்கச் சொல்லுங்கள். பெட்டிக்கு மேலே பழைய நுளம்பு வலையைப் போட்டுவிட்டால் விளிம்பில் ஏறுவதும் நிற்கும்.


உப்புவெளி_வளவு எழுதியது:

சரி, அப்படியென்றால் மூன்றையும் பிரிக்கவில்லை. பல்ப்பை இன்று பகலில் அணைத்துவிட்டேன், ஒன்றும் பேசாமல் உமிக்குள் குளித்துக்கொண்டு திரிகின்றன. ராணிக்கட் முதல் கிழமையில் போட்டது என்று குஞ்சு தந்தவர் சொன்னார், இரண்டாவது போடவில்லை, திங்கட்கிழமை போய்க் கேட்கிறேன். மாற்றுகிற அன்று எப்படி மாற்றுவது என்று யாராவது சொன்னால் போதும். இரவில் தூக்கி வைத்தால் தெரியாமல் படுத்துவிடும் என்று அன்ரி சொல்கிறார்.


கன்னியா_கோழிக்கூடு எழுதியது:

இரவில் வைப்பது பெரிய கோழியைக் கூட்டத்தோடு சேர்க்கும்போது செய்கிற வேலை. குஞ்சுகளைப் புது இடத்துக்குக் கொண்டுபோவது விடியக் காலையில்தான். பகல் முழுக்கத் தீன் எங்கே, தண்ணீர் எங்கே, எந்த மூலையில் காற்றில்லை என்று பார்த்துப் பழகிவிடும். இருட்டில் தெரியாத இடத்தில் விட்டால் வெருண்டு மூலையில் குவியும். அடுத்த இரண்டு மூன்று நாளுக்கு மழைக்குணம் இல்லாத நாளாகப் பாருங்கள், மருந்து போட்ட அன்றோ அடுத்த நாளோ மாற்றவேண்டாம், இரண்டு கஷ்டத்தையும் ஒன்றாகக் கொடுக்கக்கூடாது. தீன் பேணி, தண்ணீர்ப் பேணி இரண்டும் பழையதுதான் போகவேண்டும், பெட்டியிலிருந்த உமியில் காய்ந்ததாக ஒரு கூடை அள்ளிப் புது உமிக்கு மேலே தூவுங்கள்.

முதல் இரவு பொழுதுபட்டதும் கதவடியில் கும்பலாக நின்று கத்தும், விறாந்தைக்குப் போகத்தான் கத்துகின்றன, திரும்பக் கொண்டுபோகவேண்டாம். உள்பக்கத்து மூலையில் கையால் தூக்கி வையுங்கள். மங்கலான சின்ன பல்ப் ஒன்றை வெளியே எரியவிட்டால் வெருளாது, மூன்றாம் இரவில் அதுவும் தேவைப்படாது. குந்துவதற்கு ஓரடி உயரத்தில் ஒரு தடி குறுக்கே கட்டிவிடுங்கள், இந்த வயதில் சிலது ஏறத் தொடங்கும், ஏறாததை ஏற்றவேண்டாம். ஒரு கிழமைக்குக் கூட்டை விட்டு வளவுக்குத் திறக்காதீர்கள். அந்த ஒரு கிழமையில் இது எங்கள் இடம் என்று பிடித்துக்கொண்டால் பிறகு பகலில் எங்கே திரிந்தாலும் பொழுதுபட வந்து ஏறும். முதன்முதல் திறக்கும்போதும் பின்னேரம் நாலரைக்கு, தீன் வைக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னர் திறங்கள், பசியோடு தூரம் போகாது. தீன் பேணியைத் தட்டுகிற சத்தத்தை இப்போதே பழக்கிவைத்தால் மழை இருட்டிக்கொண்டு வரும்போது அந்தச் சத்தத்துக்கே ஓடிவரும்.

ஆறடிக்கு நாலடி இப்போதைக்குத் தாராளம். ஆனால் 15 கோழியும் முட்டைக்கு வரும்போது, ஒன்றுக்கு இரண்டு, மூன்று சதுர அடியாவது வேண்டும், அதனால் தம்பியிடம் தெற்குப் பக்கப் பலகையைக் கழற்றக்கூடியதாக அடிக்கச் சொல்லுங்கள், தை மாதம் மழை ஓய அந்தப் பக்கத்தால் நீட்டலாம்.